இரவல் நடை

சுடலைமுத்து ஸார் எழுந்து நடந்துவிட்டார் என்று தெருவே கொண்டாடியது. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் பாதிப் பேர் பி.டி. பீரியடில் அவர் விசிலுக்குப் பயந்து ஓடியவர்கள். ஒருவர் மாலையோடு வந்தார், ஒருவர் அல்வாவோடு வந்தார், இரண்டும் கிடைக்காதவர்கள் அறிவுரையோடு வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காபி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி இசக்கியம்மாளுக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

நடப்பது அவர்தான். அந்த நடை அவருடையது இல்லை.

வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஒரு வருஷமாகச் சக்கர நாற்காலியில் கிடந்த மனுஷன் வாசல்வரை போய்ப் பேப்பர் எடுத்து வருகிறார். அதற்குத் தேங்காய் உடைக்காமல் குற்றம் கண்டுபிடித்தால் யார் சும்மா விடுவார்கள்? அதிலும் இசக்கியின் சந்தேகபுத்தி ஊரறிந்தது. கடையில் நிறுத்து வாங்கிய வெண்டைக்காயை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பவள். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ வந்து இத்தனை வருஷம் ஆகியும், ஏறியவுடன் முன் சீட்டுக்குக் கீழே யாராவது ஒளிந்திருக்கிறானா என்று குனிந்து பார்ப்பவள்.

ஆனால் அவர் நடை விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 'லெஃப்ட், ரைட்' என்று விரட்டிய மனுஷனுக்குக் கடைக்குப் போனாலும் அணிவகுப்புதான், கல்யாணத்துக்குப் போனாலும் அணிவகுப்புதான். குதிகால் நறுக்கென்று தரையில் விழும், நெஞ்சு முன்னால் போகும், வலது தோள் லேசாக ஏறி இறங்கும். இசக்கி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வருவாள். புருஷன் முகத்தைவிட முதுகைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். திருநெல்வேலித் தேரோட்டக் கூட்டத்தில்கூட அந்தத் தோளைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவர் போன வருஷம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவப் போய் வழுக்கி விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கால்கள் இருந்தன, ஆனால் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பியூலா என்ற பிசியோதெரபிஸ்ட் பெண்தான் விளக்கினாள். "ஆன்ட்டி, ஸாருக்கு மூளையும் நல்லாருக்கு, காலும் நல்லாருக்கு. நடுவுல ரோடு உடைஞ்சிருக்கு, அவ்ளோதான். முதுகுல ஒரு சிப்பு, அதான் சில்லு, வைப்பாங்க. அது பாலம் மாதிரி. ஸாரோட பழைய நடை மூளைக்குள்ள அப்படியே இருக்கும். சில்லு அதைத் தேடி எடுத்து, எந்தத் தசை எப்ப இறுகணும், எது எப்ப தளரணும்னு காலுக்குச் சொல்லும். நாம பண்ண வேண்டியது, தினமும் பிடிச்சு நடக்க வைக்கிறது."

பிடித்து நடக்க வைப்பதில்தான் சிக்கல் வந்தது. பயிற்சிக் கூடத்தில் இரட்டைக் கம்பிக்கு நடுவே நோயாளியை நிறுத்தி, பியூலா பின்னால் நின்று அவர் இடுப்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, எட்டுக்கு எட்டு கூடவே நடக்க வேண்டும். சுடலைமுத்து ஸாருக்கு உடம்பெல்லாம் கூசியது. மகள் வயசுப் பெண் இடுப்பைப் பிடிக்கிறாள் என்று நெளிந்தார், நெளிந்த வேகத்தில் விழப்போனார். "ஏட்டி இசக்கி, நீ வந்து புடி. இல்லன்னா எனக்கு நடையே வேண்டாம்" என்று அடம்பிடித்தார். பியூலா தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில் பியூலா தன் இடுப்பில் கட்டியிருந்த கருவிப் பட்டையையும் கால் உறைகளையும் இசக்கி வாங்கிச் சேலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, புருஷனைப் பின்னாலிருந்து தாங்கினாள். அந்தப் பட்டை எதற்கு என்று கேட்டதற்கு, "நாம தள்ளுற பலத்தைக் கணக்குல இருந்து கழிச்சுக்கும் ஆன்ட்டி" என்றாள் பியூலா. வாரக்கணக்கில் அப்படியே நடந்தார்கள். ஒரு நாள் இசக்கி கையை எடுத்த பிறகும் அவர் நடந்தார். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் நர்ஸுகள் பயந்து ஓடி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை காய்ந்து கண் தெளிந்தது.

முதலில் குதிகால் சத்தம் இல்லை. பூனை மாதிரி நடந்தார். பிறகு, வலது காலில் பாரம் விழும் நேரம் சுருக்கமாக இருந்தது. கால் தரையைத் தொட்டதும் அவசரமாக இடது காலுக்கு மாறிவிடுவார். படி ஏறினால் எப்போதும் இடது கால்தான் முதலில். இறங்கும்போது வலது. எல்லாவற்றையும்விட ஒன்று அவளைத் தூக்கிவாரிப்போட்டது. படியில் கால் வைக்கும் முன் அவர் வலது கால் விரல்கள் முன்னால் ஒரு சின்ன உதறு உதறின. இல்லாத எதையோ தள்ளிவிடுவதுபோல.

அது என்ன என்று புரிய அவளுக்கு இரண்டு நாள் ஆனது.  சேலை கட்டியவள் படி ஏறும்போது கீழ்க்கரை தடுக்காமல் இருக்க விரலால் தள்ளுவாள் இல்லையா, அந்த உதறு.

அவள் வாயைத் திறக்கும் முன் அவருடைய அக்கா உலகம்மாள் திறந்துவிட்டாள். தம்பியைப் பார்க்க வந்தவள், அவர் முற்றத்தில் நடப்பதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏளா இசக்கி, தம்பி என்ன, பொம்பள நடைலா நடக்கான்?"

"சும்மா இருங்க மதினி. படுத்துக் கெடந்த உடம்பு."

"படுத்துக் கெடந்தா நடை தளரும். ஆளே மாறுமா? எங்க தெருவுல சொல்லிக்கிடுதாவ, இந்தக் கம்பெனிக்காரனுவ செத்தவுக நடையெல்லாம் புடிச்சு வச்சிக்கிட்டு விக்கானுவளாம். எவ நடைய எடுத்து இவனுக்கு மாட்டிவிட்டானுவளோ!"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இதே கதையை வேறு யார் சொல்லியிருந்தாலும் இசக்கி சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. எவளோ ஒருத்தி, உயிரோடு இருப்பவளோ செத்தவளோ, தன் வீட்டு முற்றத்தில் தன் புருஷன் காலால் நடக்கிறாள் என்று தோன்றியதும் பயம் வந்தது. பொறாமையும் வந்தது. அதை ஒளிப்பானேன், நன்றாகவே வந்தது.

அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டாள். "உங்களுக்கு ஒன்னும் வித்தியாசமாத் தெரியலியா?"

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாட்டி? நடக்கேம்லா, அது போதும்." பேப்பரை மடித்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் சொன்னார். "ஒன்னு மட்டும் இருக்கு. இந்த வலது முட்டி. கால வைக்கும்போதெல்லாம் வலி வரப்போற மாதிரி இருக்கு. ஆனா வரல. மறுபடி அடுத்த எட்டு, மறுபடி வரப்போற மாதிரி இருக்கு. நாள் முழுக்க எதுக்கோ பயந்துக்கிட்டே நடக்குற மாதிரி."

"டாக்டர்ட்ட சொன்னீயளா?"

"வராத வலிய என்னன்னு சொல்ல?"

இசக்கி அவர் முட்டியைப் பிடித்துப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சூடு இல்லை. பரணில் இருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள். பாட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சில்லைப் பூட்டும் நாள். பூட்டுவது என்றால், அதுவரை கற்றுக்கொண்ட நடையை நிரந்தரமாக நரம்போடு பதித்துவிடுவது. அதற்கப்புறம் மாற்ற முடியாது. அதற்குள் அந்த நடை யாருடையது என்று தெரிந்தாக வேண்டும் என்று இசக்கி முடிவு செய்தாள். தெரியாத ஒருத்தியோடு மிச்ச வாழ்நாளைப் பங்குபோட அவள் தயாராக இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அவள் பார்த்தது பியூலாவின் முகத்தை அல்ல, பாதங்களை. எத்தனை நாள் இந்தப் பெண் கூடவே நின்றிருக்கிறாள்! இவள் நடையாக இருந்தால்? பியூலா தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். இரண்டு பாதமும் வெளிப்பக்கம் விரிந்து, தாரா வாத்து வருவதுபோல் ஆடி ஆடி வந்தாள். இசக்கிக்கு நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். ஆனால் பேய் இல்லை என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையே.

பயிற்சிக் கூடத்தில் சில்லுக் கம்பெனியின் ஆள் கிரிதர் மடியில் கணினித் திரையோடு உட்கார்ந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத புன்னகை. சுடலைமுத்து ஸாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவைத்துவிட்டு, "அற்புதம் ஸார். இன்னிக்கே பூட்டிடலாம்" என்றான்.

"ஒரு நிமிஷம் கிரிதர்" என்றாள் பியூலா. அவள் முகம் தெளிவாக இல்லை. "போன தடவையே சொன்னேன். ஸார் வலது கால்ல முழு பாரத்தைப் போடவே இல்லை. அதனால இடுப்புப் பக்கத் தசை ஒரு பக்கம் மட்டும் இழுபடுது. இதையே பூட்டினா நாலஞ்சு வருஷத்துல இடது இடுப்பு மூட்டு தேஞ்சுடும்."

"முட்டியில ஏதாவது இருக்கும்."

"ஸ்கேன் பார்த்தேன். குருத்தெலும்பு இளவட்டத்துக்கு இருக்கிற மாதிரி இருக்கு. இந்த முட்டிக்கு இந்த நடை தேவையே இல்லை."

"நாளாக நாளாக சரியாயிடும் மேடம்."

இசக்கி எழுந்தாள். "தம்பி, நான் ஒன்னு கேக்கேன். இது யாரு நடை?"

கிரிதரின் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் திரைக்குப் போனது. "ஸாரோட நடைதாம்மா. அவர் மூளையில இருந்துதான..."

"பொய். இது சேலை கட்டுறவ நடை. படியேறும்போது கீழ்க்கரையத் தள்ளுதாவ, நான் பாத்தேன். இவிய என்னைக்குச் சேலை கட்டுனாவ? எவ நடைய எடுத்து இவியளுக்கு மாட்டியிருக்கீய? உசுரோட இருக்காளா, செத்துட்டாளா?"

கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமுத்து ஸார், "ஏட்டி, மெதுவாப் பேசு" என்றார். பியூலா கிரிதரையே பார்த்தாள்.

"செத்தவங்க நடையெல்லாம் நாங்க எடுக்கிறதில்லைம்மா" என்றான் கிரிதர். "சில பேருக்கு... எல்லாருக்கும் இல்லை, சில பேருக்கு மட்டும் பழைய நடை மூளையில முழுசாக் கிடைக்காது. அங்கங்க ஓட்டை இருக்கும். அப்ப சில்லு பக்கத்துல கிடைக்கிறதை வச்சு இட்டு நிரப்பிக்கும்."

"பக்கத்துல கிடைக்கிறதுன்னா?" என்றாள் பியூலா.

"பட்டை போட்டுக்கிட்டுக் கூட நடக்கிறவங்களோட நடை. அதனாலதான் தெரபிஸ்ட் மட்டும்தான் பட்டை போடணும்னு விதி வச்சிருக்கோம். நல்லா நடக்கிறவங்க நடை போனா நோயாளிக்கு நல்லதுதானே?"

"பலத்தைக் கழிக்கிறதுக்குன்னு சொன்னீங்க! காரணத்தைச் சொல்லாம விதியை மட்டும் சொன்னீங்க!"

பியூலாவின் கோபம் உண்மையாக இருந்தது. ஆனால் இசக்கியின் காதில் ஒரு வார்த்தைதான் விழுந்தது. தெரபிஸ்ட். அவள் மெதுவாகத் திரும்பி அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். ஆரம்பத்தில் இரண்டு நாள் இவள்தானே பிடித்தாள்? தாரா நடையைக்கூடத் தேவைப்பட்டால் மாற்றி நடந்து காட்ட முடியாதா என்ன?

"ஆன்ட்டி, என்னை ஏன் அப்படிப் பாக்கிறீங்க? இது என் நடை இல்லை. நான் சேலையே கட்டினதில்லை." பியூலா சுடலைமுத்து ஸாரின் காலைக் காட்டினாள். "இந்த நடைக்குச் சொந்தக்காரங்க யாரா இருந்தாலும், பல வருஷமா முட்டி வலியோட இருந்திருக்காங்க. வலிக்குதுன்னு நொண்டினா எல்லாரும் கேப்பாங்க. இவங்க நொண்டவே இல்லை. வலி வர்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துடப் பழகியிருக்காங்க. கூட இருக்கிறவங்க யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றாள் இசக்கி. அந்த முகம் தெரியாதவள்மேல் முதல்முறையாக ஒரு இரக்கம் வந்தது. இரக்கத்தோடு சேர்ந்து கோபமும் ஏறியது. "அந்தப் பாவத்த இவிய தலையில கெட்டிட்டு, இன்னைக்கே பூட்டுவோம்ங்கீய. ஒருத்தரும் ஒன்னையும் பூட்ட வேண்டாம். நான் பெரிய டாக்டரப் பாத்துட்டு வாரேன். அவுகளும் சொல்லலன்னா வக்கீல் சொல்லுவாரு."

கைப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். கூடத்தின் வாசலில் இரண்டு படி. ஏறினாள்.

"ஏட்டி, நில்லு."

அவர் குரல் அது. வீட்டுக் குரல் இல்லை, மைதானத்துக் குரல். அணிவகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு நடுவே ஒருவன் கால் மாற்றி வைத்தாலும் நிறுத்துகிற குரல். இசக்கி படியிலேயே நின்றாள்.

"எறங்கி வா. மறுபடி அந்தப் படியில ஏறு."

"என்னத்துக்கு?"

"சொன்னதச் செய்யி ளா."

அவள் இறங்கினாள். மறுபடி ஏறினாள். இடது கால் முதலில். அதற்கு முன் வலது கால் விரல் சேலையின் கீழ்க்கரையை லேசாக ஒரு தள்ளு தள்ளியது. வலது காலில் பாரம் விழுந்ததும் விழாததுமாக இடதுக்கு மாறியது.  அவள் திரும்பியபோது பியூலா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிரிதர் திரையை மடித்துவிட்டான். சுடலைமுத்து ஸார் இரட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தெரியாதது நியாயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலையெல்லாம் பார்த்துத் திருத்தியவருக்கு ஏன் தெரியவில்லை? கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அவருக்கு முன்னால் நடந்திருந்தாள்.

"பட்டையை ஆன்ட்டிதான் போட்டிருந்தாங்க" என்று பியூலா யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "நான்தான் குடுத்தேன். தப்பு என்மேலதான்." பிறகு அருகில் வந்து இசக்கியை நாற்காலியில் உட்காரவைத்து, கேட்காமலே வலது முட்டியில் கைவைத்து அழுத்தினாள். இசக்கி பல்லைக் கடித்தாள். "எவ்வளவு நாளா இருக்கு?"

"இதெல்லாம் ஒரு வலியா? வயசானா எல்லாருக்கும் இருக்கதுதான். தைலம் தேச்சா போயிரும்."

"எப்ப ஆரம்பிச்சுது?"

இசக்கி புருஷனைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். "சின்னவ கைப்புள்ளையா இருக்கும்போது பாபநாசம் போனோம்லா. பஸ்ஸுல இருந்து எறங்கி இவிய வழக்கம்போல முன்னால போயிட்டாவ. நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிப் புடிக்கப் போயி, படிக்கட்டுல முட்டி அடிபட விழுந்துட்டேன். புள்ளைக்கு ஒன்னும் ஆவல."

"எப்ப? நான் எங்க இருந்தேன்?" என்றார் சுடலைமுத்து ஸார்.

"நீங்க ஆத்துக்கே போயிட்டீய. எந்திச்சு வந்துட்டேன். நீங்க 'என்ன இவ்வளவு நேரம்'னு சத்தம் போட்டீய."

கிரிதர் தொண்டையைச் செருமினான். நல்ல நேரம் பார்த்துப் பேசத் தெரியாத பிறவி. "ஸார், நடந்தது நடந்துபோச்சு. இந்த நடை நல்லாவே பதிஞ்சிருக்கு. அழிச்சா மறுபடி இவ்வளவு தூரம் வரும்னு உத்தரவாதம் இல்லை. ரெண்டாவது தடவை சில பேருக்கு வராமலே போயிடுது. பூட்டிடறதுதான் புத்திசாலித்தனம்."

வராமலே போய்விடும் என்றதும் இசக்கி நாற்காலியை விட்டு எழுந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன் வக்கீலைப் பார்க்கப் புறப்பட்டவள், இப்போது கிரிதர் பக்கம் சாய்ந்துவிட்டாள். "பூட்டிருங்க தம்பி. வேத்தாள் நடை இல்லல்லா, என் நடைதான? இருந்துட்டுப் போட்டும்."

"அழிங்க" என்றார் அவர்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உங்களுக்கு? மறுபடி அந்த நாற்காலியில கெடக்கவா? இடுப்பு தேஞ்சா தேயட்டும். அதுவரைக்கும் நடப்பீயள்லா?"

"நடக்கணுமா? இந்த நடைய வச்சா?" அவர் குரல் உடைந்தது. அவள் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. "காலத் தூக்குறதுக்கு முன்னாலயே உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். எட்டுக்கு எட்டு. இந்தக் கொஞ்ச நாளுக்கே எனக்குப் பைத்தியம் புடிக்குது. நீ இதோடதான் எனக்குப் பின்னால ஓடி வந்தியா? எனக்கு வராத வலி. உனக்கு வந்துக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பொண்ணு சொல்லுது, எனக்கு நாலஞ்சு வருஷத்துல இடுப்பு போயிரும்னு. உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு? உன் இடுப்பு எப்படி இருக்கு?"

இசக்கியின் கை இடது இடுப்புக்குப் போனது.  ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது பழக்கம் என்று எல்லாரையும் நம்பவைத்திருந்தாள், தன்னையும் சேர்த்து.

அவர் கையெழுத்துப் போட்டார். கிரிதர் தோளைக் குலுக்கிக்கொண்டு திரையைத் தொட்டான். சுடலைமுத்து ஸாரின் முட்டிகள் மடங்கின. இசக்கியும் பியூலாவும் இரண்டு பக்கமும் தாங்கி அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இசக்கி அழுதாள். ஆட்டோவில் முன் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கக்கூட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு இரண்டு நோயாளிகள் போனார்கள். பியூலா இசக்கியின் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொன்னாள். "தொடைத் தசை முட்டிக்கு வேலைக்காரன் மாதிரி ஆன்ட்டி. அவன் வேலைக்கு வராததால முட்டி தனியா எல்லாத்தையும் சுமந்திருக்கு. அவனை எழுப்புவோம். தேய்மானம் முத்தலை." சுடலைமுத்து ஸார் நாற்காலியில் இருந்தபடி பழைய விசிலை வாயில் வைத்துக்கொண்டு எண்ணினார். அவள் ஒரு தடவை ஏமாற்றிக் குறைத்தாலும் ஊதினார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைய எல்லாம் உங்கள எப்படித்தான் பொறுத்துச்சோ" என்று அவள் திட்டுவாள். உலகம்மாள் மதினி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கிறுக்கு முத்திப்போச்சு" என்று போனாள்.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை இசக்கி படியில் வலது காலை முதலில் வைத்து ஏறினாள். ஏறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அப்போது சில்லுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் நேரம் வந்தது. அவருடைய பழைய நடை மூளையில் அரைகுறையாகத்தான் இருக்கிறது. ஓட்டையை நிரப்ப ஒரு நடை வேண்டும். பள்ளி ஆண்டு விழாப் படங்களைத் தேடிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவர் மேடையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், ஒன்றில்கூட நடக்கவில்லை. பியூலா பட்டையை எடுத்தாள். "நானே போட்டுக்கறேன். என் நடை அழகா இல்லைன்னாலும் ஆரோக்கியமா இருக்கும்."

"வேண்டாம் தாயி" என்றாள் இசக்கி. "இவிய தாரா மாதிரி ஆடி வந்தா ஊரு சிரிக்கும். கோவிச்சுக்கிடாத. அத இங்க குடு. இவிய நடை எனக்குத் தெரியும்."

பியூலா முதலில் யோசித்தாள். பிறகு அவளைக் கூடத்தில் நடக்கவைத்துப் பார்த்தாள். தினமும் பார்த்தாள், சொல்லித் திருத்தினாள். கடைசியில் பட்டையைக் கொடுத்தாள்.

அன்று இசக்கி, கீழ்க்கரை தள்ளும் பழக்கம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மகளின் சுடிதாரைப் போட்டு அதன்மேல் பட்டையைக் கட்டியிருந்தாள். வெட்கத்தில் துப்பட்டாவைத் தோளில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். சுடலைமுத்து ஸார் இரட்டைக் கம்பிக்கு நடுவே நின்றார். பியூலா பின்னால் நின்று அவர் இடுப்பைப் பிடித்தாள். இந்த முறை அவர் நெளியவில்லை. இசக்கி அவருக்கு முன்னால் போய், முதுகைக் காட்டி நின்றாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

குதிகால் நறுக்கென்று தரையில் விழுந்தது. நெஞ்சு முன்னால் போனது. வலது தோள் லேசாக ஏறி இறங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்தத் தெருக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் 'குட்மார்னிங் ஸார்' என்று சொல்லியிருப்பார். கூடத்தின் கோடிவரை போய்விட்டுத்தான் நின்றாள்.

சுடலைமுத்து ஸார் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

"நான் இப்படியா நடப்பேன்?"

"இப்படித்தான்" என்றாள் இசக்கி. "ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்காம."

அவர் கம்பியை இறுகப் பிடித்தார். வலது கால் நடுங்கி நடுங்கி ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது.

"மெதுவாப் போ ளா" என்றார். "பின்னால வாரேன்."

இசக்கி அவர் இருந்த இடத்துக்கே வந்து, மறுபடி முதுகைக் காட்டி நின்றாள். ஒரு எட்டு வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் வந்து சேரும்வரை நின்றுவிட்டு, அப்புறம் அடுத்த எட்டை வைத்தாள்.